முதல் நாளும் பத்தாவது வருஷமும்

அன்பு மாப்ள,

பதில் போட மூன்று மாதம் ஆகிவிட்டது. காரணம் சொன்னால் நம்ப மாட்டாய், அதனால் சொல்லவில்லை. இங்கே எல்லாரும் நலம். நம்ம கேம் செட்டில் தாடி இன்னும் தாடிதான். நீதிபதி உன்னை விசாரித்தார், உன் வழக்கில் தீர்ப்பு இன்னும் நிலுவையில்தானாம்.

உன் கடிதம் ஆறு பக்கம். அதில் நாலரைப் பக்கம் சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸ் 2 என்ற நகரம் கட்டும் கேமுக்கு அர்ச்சனை. ஒரு பக்கம் உலகத்தில் இருக்கிற மற்ற எல்லா இரண்டாம் பாகங்களுக்கும் பொதுவான சாபம். மிச்சம் அரைப் பக்கத்தில், போகிற போக்கில், கேம் செய்யும் முன்பே ரசிகர்களிடம் பணம் திரட்டுகிற ஒரு புது கிக்ஸ்டார்ட்டரில் பெரிய அடுக்கிலேயே பணம் போடப் போவதாக எழுதியிருக்கிறாய். "பழைய டீம்டா, அதே ஆன்மா!" என்று ஆச்சரியக்குறி வேறு. அந்த அரைப் பக்கம்தான் என்னை உட்கார வைத்து எழுதச் சொன்னது.

முதலில் அர்ச்சனைக்கு வருகிறேன். பாதி நியாயம். 2023 அக்டோபரில் வந்தது வேகாத சோறுதான். தூரத்தில் புள்ளியாகத் தெரிகிற பொருளைக்கூட, கண்ணுக்கு முன்னால் நிற்பது மாதிரி முழு மாடலாக ஜிபியூ, அதான் கிராபிக்ஸ் கார்டு, வரைந்துகொண்டிருந்தது. தூரம் கூடக்கூட மாற்றிவைக்க எளிய மாடல் வேண்டும், எல்ஓடி என்பார்களே, அது பல பொருள்களுக்கு இல்லை. நகரத்து ஜனங்களின் வாய்க்குள் பல்வரிசை வரை செதுக்கி வைத்திருந்ததை ஆட்கள் தோண்டியெடுத்துக் காட்டினார்கள். யார் கண்ணிலும் படாத பல்லுக்கு உன் கார்டு உழைத்தது. ஆகவே "இவ்வளவு செலவு செய்து கார்டு போட்டும் ஓடலியே" என்ற உன் ஒப்பாரியில் கார்டு நிரபராதி. வேகம் நினைத்த அளவுக்கு வரவில்லை என்று வெளியீட்டுக்கு முன்பே ஸ்டூடியோ ஒப்புக்கொண்டு, ஆனாலும் வெளியிட்டது. அதற்குத் திட்டு. 2024 மார்ச்சில் அடிப்படை கேமே தள்ளாடிக்கொண்டிருந்தபோது 'பீச் பிராப்பர்ட்டீஸ்' என்று காசுக்கு ஒரு டிஎல்சி (கூடுதல் பாகம்) விட்டு, அடுத்த மாதமே பணத்தைத் திருப்பிக் கொடுத்து இலவசமாக்கினார்களே, அதற்கும் திட்டு. குறுக்கே நிற்க மாட்டேன்.

"முதல் பாகத்தில் இருந்த எதுவுமே இதில் இல்லை" என்கிறாய் பார், அங்கேதான் எனக்குத் தகராறு. எந்த முதல் பாகம், மாப்ள? நீ மனசில் வைத்திருப்பது எட்டு வருஷத்து டிஎல்சியும் ஸ்டீம் கேம் கடையின் வொர்க்‌ஷாப்பில் ஊர்பேர் தெரியாத ரசிகர்கள் செய்துபோட்ட மாற்றங்களான மாட்களும் சேர்ந்து வளர்ந்த மலை. 2015 மார்ச்சில் வந்த முதல் பாகத்தில் சாலைக்குச் சுரங்கமே கிடையாது. மே மாத அப்டேட்டில்தான் வந்தது. இரவு கிடையாது; அது செப்டம்பரில், 'ஆஃப்டர் டார்க்' வந்தபோது. பேரிடர்கள் 2016-இல். மோனோரெயிலும் படகும் 2017-இல். இந்த வரிசை உனக்கு மறந்துபோனதில் அதிசயமில்லை, நமக்கு அப்போது இன்னொரு நகரக் கேமான சிம்சிட்டி 2013-இன் வெறுப்பு சூடாக இருந்தது. எப்போதும் இணைப்பில் இரு, இரண்டு கிலோமீட்டர் சதுரத்துக்குள் நகரத்தை அடக்கு என்று அது படுத்திய பாட்டில், ஆஃப்லைனில் ஓடுகிற எதைக் கொடுத்திருந்தாலும் கும்பிட்டிருப்போம். எதிரி மோசமாக இருந்ததும் முதல் பாகத்தின் அதிர்ஷ்டம். இரண்டாம் பாகத்துக்கு எதிரியாக நின்றது அந்த முதல் பாகமே.

ராக்கெட் கட்டி விண்வெளிக்கு விடுகிற கெர்பல் கேமின் கதை இன்னும் கொடுமை. 2023 பிப்ரவரியில் இரண்டாம் பாகம் ஐம்பது டாலருக்கு எர்லி ஆக்சஸில், அதாவது முடியும் முன்பே விற்பனைக்கு, வந்தது. சயின்ஸ் இல்லை, காலனி இல்லை, வளிமண்டலத்துக்குள் திரும்பும்போது சூடாகக்கூட இல்லை. சிரித்தோம். ஆனால் 2011-இல் முதல் கெர்பலின் முதல் பொது வெளியீட்டில் போய் இறங்க நிலாவே இல்லை என்பது எத்தனை பேருக்கு ஞாபகம்? அந்தச் சூடு அதிலும் 2015-இல், 1.0 என்ற முழுப் பதிப்பு வந்தபோதுதான் வந்தது. வித்தியாசம், முதலாவது தன்னை அரைகுறை என்று சொல்லி மலிவாக விற்றது. இரண்டாவது முழு விலையும் வாங்கிக்கொண்டு, காலனி, விண்மீன் பயணம், மல்டிபிளேயர் என்று முன்கூட்டியே பந்தி விரித்தது. இலை போட்ட பிறகு 2024-இல் ஸ்டூடியோவையே மூடிவிட்டார்கள். அங்கே பணம் போனவனின் கோபத்துக்கு நான் மறுபேச்சு பேச மாட்டேன்.

அதனால் உனக்கு ஒரு வேலை தருகிறேன், பத்து நிமிஷம் போதும். முதல் பாகத்தில் உனக்குப் பிடித்ததெல்லாம் வரிசையாக எழுது. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அது எப்போது வந்தது, யார் செய்தது என்று போடு: முதல் நாளா, இலவச அப்டேட்டா, காசு டிஎல்சியா, மாடா. மாட் என்று குறித்ததையெல்லாம் அடித்துவிடு. அதைப் புது ஸ்டூடியோவிடம் முதல் நாளே கேட்க உனக்கு உரிமை இல்லை. டிஎல்சி என்று குறித்ததற்கு ஒரு வருஷம் தவணை கொடு. முதல் நாளிலிருந்தே இருந்து, இப்போது காணாமல் போனது எதுவோ, அதுதான் உண்மையான குற்றப்பத்திரிகை.

நாலு பேர் சேர்ந்து ஜாம்பிகளைச் சுடுகிற லெஃப்ட் 4 டெட் விஷயத்தில் இதைப் போட்டுப் பார்த்தேன், அழகாக வேலை செய்கிறது. 2008-இல் முதல் நாளே வெர்சஸ் இருந்தது, நாமே ஜாம்பியாகி எதிர் டீமைக் கேம்பெயின், அதாவது கதைப் பயணம், முழுக்க வேட்டையாடலாம். அதைச் செய்த அதே டர்ட்டில் ராக் ஸ்டூடியோ 2021-இல் பேக் 4 பிளட் செய்தபோது சீட்டுக்கட்டு, பெர்க் என்று என்னென்னவோ கொடுத்துவிட்டு இதை விட்டுவிட்டது. கேம்பெயினில் சேராத தனி வளையத்துக்குள் சண்டை, அவ்வளவுதான். நியாயமான குற்றச்சாட்டு. இன்னொரு பக்கம், அந்த அளவுகோலாக நாம் தூக்கிப் பிடிக்கிற லெஃப்ட் 4 டெட் 2 என்ன பாடுபட்டது தெரியுமா? முதல் பாகம் வந்து ஒரே வருஷத்தில் அடுத்ததா என்று 2009-இல் நாற்பதாயிரம் பேருக்கு மேல் ஸ்டீமில் புறக்கணிப்புக் குழு சேர்ந்தார்கள். கேமை வெளியிட்ட வால்வ் நிறுவனம் அந்தக் குழுத் தலைவர்கள் இரண்டு பேரை விமானத்தில் வரவழைத்து ஆடக் கொடுத்தது. இன்று அதே கேம்தான் தெய்வம்.

சரி, ஆன்மிக வாரிசு, அதாவது பழைய கேமின் ஆன்மாவோடு வேறு பேரில் வருகிற புதுக் கேம். (இந்தப் பேரைக் கேட்டாலே மடத்துக்குப் பட்டம் கட்டுவது மாதிரி இருக்கிறது என்கிறான் தாடி.) வாரிசுக்குச் சட்டப்படி பேர் வராது, பாத்திரம் வராது, பாட்டு வராது. வரக்கூடியது கையில் உணர்கிற விஷயம் மட்டும். குதிப்பின் வளைவு, கேமரா எப்போது திரும்புகிறது, எதிரி எத்தனை அடிக்கு விழுகிறான். மெகா மேனின் வாரிசாக வந்த மைட்டி நம்பர் 9 தோற்றது அங்கேதான். மெகா மேனில் நிற்பாய், கணிப்பாய், சுடுவாய், பட்டனை அழுத்தும் நேரத்துக்கு ஏற்பக் குதிப்பாய். மைட்டியில் சுட்டுத் தளரவைத்து, அவன் மேலேயே பாய்ந்து உறிஞ்ச வேண்டும். ஐடியா மோசமில்லை, ஆனால் தாளம் வேறு. படம் மட்டும் பழைய ஆளைப் போல இருந்ததால் எல்லாரும் பழைய தாளத்தையே எதிர்பார்த்துப் போனார்கள்.

பணக் கணக்கும் பார். 2013-இல் கேட்டது 9 லட்சம் டாலர், வந்தது 38 லட்சம். கிக்ஸ்டார்ட்டர் 5 சதவீதம் எடுக்கும், கார்டு கட்டணம் தனி. கையில் சுமார் 34, 35 லட்சம். ஒரு ஆளுக்கு மாதம் பத்தாயிரம் டாலர் என்று இந்தத் தொழிலில் தோராயமாகப் போடுவார்கள். இருபது பேர் என்றால் பதினேழு மாதம். டி-ஷர்ட், பெட்டி, தபால் செலவு எல்லாம் இதற்குள்ளேயே. இந்தப் பதினேழு மாதத்துக்குள் பத்து பிளாட்ஃபார்ம் என்று ஒப்புக்கொண்டார்கள்! பிஎஸ்3-இன் நினைவகத்துக்கு ஒருமுறை, வீ யூவுக்கு ஒருமுறை, ஒவ்வொரு கன்சோல்காரரின் சான்றிதழ்ச் சோதனைக்கும் தனித்தனியாக. 2015 ஏப்ரல் என்றது 2016 ஜூன் ஆனது. கையடக்கக் கன்சோல்களான 3டிஎஸ், வீட்டா பதிப்புகள் வரவே இல்லை. அதற்கு நடுவில், 2015-இல், முதல் சரக்கைக் கொடுக்காமலே அடுத்த கேமுக்கு உண்டியல் தூக்கினார்கள். ரசிகர்களின் நம்பிக்கை அன்றைக்கே போயிற்று என்பது என் கணிப்பு.

காசில்வேனியாவின் வாரிசான பிளட்ஸ்டெயின்டும் ஏறக்குறைய இதே பாதை. 2015-இல் 5 லட்சம் கேட்டு 55 லட்சம் வாங்கினார் அதைச் செய்த இகராஷி. அதுவும் தாமதம்தான், 2019 ஜூன். வீ யூ, வீட்டா, மேக், லினக்ஸ் எல்லாம் கழற்றிவிட்டார்கள். ஆனால் நடுவில் 2018-இல் 8-பிட் பாணியில் 'கர்ஸ் ஆஃப் த மூன்' என்ற குட்டிக் கேமைக் கையில் கொடுத்தார்கள். டிரெய்லரைப் பார்த்து அசிங்கமாக இருக்கிறது என்றவர்களின் கமெண்டையே புது டிரெய்லரில் போட்டு, பழைய காட்சியையும் திருத்தின காட்சியையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டினார்கள். முக்கியமாக, கேமின் தாளம் மாறவில்லை. ஸ்விட்ச் பதிப்பு மட்டும் வந்த புதிதில் நொடிக்கு 30 ஃபிரேமும் பட்டன் தாமதமுமாகச் சொதப்பியது. பல பிளாட்ஃபார்மின் விலை அது.

யூகா-லெய்லி வேறு மாதிரி விபத்து. மாறாமல் இருந்தே அடி வாங்கியது. அதன் மூலமான 1998-இன் பாஞ்சோ-கஸூயி கேமின் கேமராக் கோளாறு உட்பட எல்லாவற்றையும் பத்திரமாகக் கொண்டுவந்தார்கள்.

இப்போது உன் கிக்ஸ்டார்ட்டர். பணம் போடுவதற்கு முன் நாலு காரியம் செய்.

பழைய கேமை இன்றே ஒரு மணி நேரம் ஆடு, சேவ் ஃபைலில் இருந்து வேண்டாம், ஆரம்பத்திலிருந்து. எங்கே சலிக்கிறது என்று குறித்து வை. நீ தேடுவது கேமா, அந்த வயசா என்று அதிலேயே பாதி தெரிந்துவிடும்.

டெமோ இருந்தால் ஃபோனை நொடிக்கு 240 ஃபிரேம் ஸ்லோமோஷனில் வைத்து, கட்டைவிரலும் திரையும் சேர்ந்து தெரியும்படி படம் பிடி. விரல் பட்டனை அமுக்கியதிலிருந்து ஆள் அசையும் வரை ஃபிரேம் எண்ணு. ஒன்று ஏறக்குறைய 4 மில்லி செகண்ட். பழைய கேமையும் அதே திரையில், அதே கன்ட்ரோலரில் பிடி. டிவியில் கேம் மோடு போட மறந்துவிட்டு ஸ்டூடியோவைத் திட்டாதே. போன தடவை நீதிபதி அதைத்தான் செய்தார். இரண்டுக்கும் பத்துப் பன்னிரண்டு ஃபிரேம் வித்தியாசம் வந்தால் கேம் சேற்றில் நடப்பது போல இருக்கும்.

டெமோ இல்லையென்றால் வெட்டாத காட்சி கேள். டிரெய்லரில் கேமரா எப்போதும் நல்ல பிள்ளை. சுவரோரம், மூலையில், மூன்று எதிரி நடுவில் என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும்.

நாலாவது, அந்த "பழைய டீம்" யார் யார் என்று பேர் பேராகப் பார். போஸ்டரில் வருகிற பெரிய பேரைவிட, குதிப்பை எழுதின புரோகிராமரும் லெவல் போட்டவரும் வருகிறார்களா என்பதுதான் எனக்கு முக்கியம். கடையில் வாங்கினால் ஸ்டீம் 14 நாளுக்குள், ஆடினது 2 மணி நேரத்துக்குக் குறைவாக இருந்தால் பணத்தைத் திருப்பித் தரும். கிக்ஸ்டார்ட்டர் கடை இல்லை. பணம் திரட்டல் முடிந்ததும் உன் வங்கிக் கார்டில் பிடித்த காசைக் கேட்க வேண்டியது அந்த ஸ்டூடியோவிடம்தான்.

நல்ல கேமாகவே வந்தாலும் நமக்கு ஆறுதல் கிடைக்காது என்பதற்கு ஹாலோ நைட்டின் அடுத்த பாகமான சில்க்சாங் இருக்கிறது. 2019 பிப்ரவரியில் அறிவிப்பு, 2025 செப்டம்பர் 4-இல் வெளியீடு, இருபது டாலர். ஆறரை வருஷம் கோமாளி மூக்கு மாட்டிக்கொண்டு காத்திருந்த ஜனம், முதல் வாரமே "இது ஹாலோ நைட் இல்லை" என்றது. ஆரம்பத்தில் உனக்கு ஐந்தே முகமூடி (உயிரின் அளவு அதுதான்), பல அடிகள் இரண்டைப் பிடுங்குகின்றன. கீழ்நோக்கி அடித்தால் நேராக இறங்காமல் சாய்வாகப் பாய்கிறாள் நாயகி ஹார்னெட். பழைய கேமில் பழகின விரல் ஒவ்வொரு முறையும் ஏமாறுகிறது. அடிக்கும் பாணியை மாற்றுகிற வாண்டரர் கிரெஸ்ட் கிடைத்ததும் மாட்டிக்கொள், அடி நேராகிவிடும். ஒரே தடவையில் மூன்று முகமூடி குணமாவதையும் கணக்கில் எடு, பழையதில் ஒவ்வொன்றாகத்தான். கேம் கடினமாகியிருக்கிறது, உண்மை. ஆனால் உன் எரிச்சலில் பாதி, விரல் பழைய வீட்டுக் கதவைத் தேடுவதால் வருவது.

இனி ஒரு விஷயம், விளையாட்டாக இல்லை. உன் கடிதத்தில் ஸ்கைலைன்ஸ் 2 செய்த ஸ்டூடியோக்காரர்களைத் "துரோகிகள்" என்று எழுதி, அதையே அவர்களுக்கும் அனுப்பினதாகச் சொன்னாய். அந்த ஸ்டூடியோவில் மொத்தமே முப்பது பேர் அளவுக்குத்தான் இருந்தார்கள். 2024 தொடக்கத்தில் அதன் தலைவரே வசவு எல்லை மீறுகிறது என்று வெளிப்படையாக எழுத வேண்டிவந்தது. தேதி முடிவு செய்தவன் ஒருத்தன், உன் வசவைப் படிக்கிறவன் வேறொருத்தன். எல்ஓடி இல்லை என்று எழுது, எந்தக் கட்டடம், எந்த அமைப்பில் எத்தனை ஃபிரேம் என்று எழுது. அது அவன் வேலைக்கு உதவும். மற்றது எதற்கு உதவும், மாப்ள?

திட்டியது போதும். தாடியிடம் அந்தப் பழைய கார்ட்ரிட்ஜைக் கேட்டு வைத்திருக்கிறேன். உன் கன்ட்ரோலரில் இடது ஸ்டிக் இன்னும் தானாக நகர்கிறதா? அப்படியென்றால் மேலே சொன்ன ஃபிரேம் கணக்கை அதில் எடுக்காதே, டி-பேடில் (திசை பட்டனில்) எடு. எண்ணினதை எழுதி அனுப்பு, பணம் போடும் கடைசி நாள் என்றைக்கு என்பதையும்.

உன்,
இன்னும் உனக்கு நாற்பது நட்சத்திரம் முன்னால் இருப்பவன்