மிச்சமிருக்கும் கண்ணுக்கு யார் பொறுப்பு?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு விளையாட்டுப் பக்கத்தில், ஒரு கண்ணில் பார்வை இல்லாத இளைஞர் ஒருவர் குத்துச்சண்டை பழகுவதைப் பற்றி அரைப்பக்கத்துக்கு எழுதியிருந்தீர்கள். படத்தில் அவர் ரிங்கில் நின்று இன்னொருவரோடு ஸ்பாரிங், அதாவது பயிற்சிச் சண்டை, செய்கிறார். அவருடைய தைரியத்தைப் பற்றி நிறைய இருந்தது. கண் மருத்துவர் ஒருவரிடமாவது பேசியதாக ஒரு வரிகூட இல்லை. எனக்கும் இடது கண் கிடையாது. பல வருடமாக ஒரு பாக்ஸிங் கூடத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். அதனால்தான் எழுதுகிறேன்.

என் கண் போனது பெரிய கதையில்லை. மூன்றாம் வகுப்பு படிக்கும்போது தெருவில் கிட்டிப்புள் ஆடினோம், புள் வந்து அடித்தது, அவ்வளவுதான். இப்போது அம்பத்தூரில் லேத் ஆபரேட்டர். மெஷின் பக்கம் போக வேண்டுமென்றால் சேஃப்டி கண்ணாடி போட்டாக வேண்டும். இல்லையென்றால் சூப்பர்வைசர் கையைப் பிடித்து வெளியே விட்டுவிடுவார். சாயங்காலம் கூடத்துக்குப் போனால் அதே கண்ணுக்கு எந்த மறைப்பும் கிடையாது. கண்ணாடி போட்டுக்கொண்டு பாக்ஸிங் ஆட முடியாது. ஹெட்கார்டு நெற்றியை மூடும், கன்னத்தையும் காதையும் மூடும். கண் இருக்கிற இடம் திறந்துதான் இருக்கும், பார்க்க வேண்டுமே!

நான் பேக் அடிப்பேன், ஸ்கிப்பிங் போடுவேன், மாஸ்டர் பேட் பிடித்தால் குத்துவேன். முகத்தில் குத்து வாங்குகிற ஸ்பாரிங்குக்கு மட்டும் போவதில்லை. "என்னண்ணா, பயமா?" என்று பசங்க கேட்பார்கள். ஆமாம், பயம்தான் என்று சொல்லிவிடுவேன். ஏன் பயம் என்பதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும்.

இடது கண் இல்லாதவன் எதிராளியைப் பார்க்க முகத்தை லேசாக இடப்பக்கம் திருப்பி, வலது கண்ணை நடுவுக்குக் கொண்டுவருவான். யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, கழுத்து தானாகத் திரும்பிவிடும். எதிரில் நிற்பவர் வழக்கமான வலதுகைக்காரர் என்றால் அவருடைய ஜாப், அதாவது முன்கையை நேராக நீட்டி அடிக்கும் குத்து, இடக்கையிலிருந்து கிளம்பும். அந்தக் கை எனக்கு வலப்பக்கம். ஆக, பார்ப்பதற்காக நடுவில் கொண்டுவந்து வைத்த கண்ணைத்தான் முதல் குத்து தேடி வருகிறது. அவருடைய வலக்கையோ என் இருட்டுப் பக்கம் சுற்றி வரும். ஒருநாள் மாஸ்டர் கிளவுஸைக் கழற்றிவிட்டு, திறந்த உள்ளங்கையால் மெதுவாக என் இடது காதைத் தொட்டுத் தொட்டுக் காட்டினார். ஒவ்வொரு தடவையும் தொட்ட பிறகுதான் எனக்குத் தெரிந்தது. மெதுவாக வந்த கைக்கே அந்தக் கதி.

அப்புறம் தூரம். ஒற்றைக் கண்ணை வைத்துக்கொண்டு தூரத்தை ஓரளவு பழகிக்கொள்ள முடியும். சைக்கிள் ஓட்டுகிறேன், ஓடுகிற பஸ்ஸில்கூட ஏறியிருக்கிறேன். லேத்தில் டூலை, கடைகிற துண்டில் தொடவைக்கும்போது கண்ணைவிட டயலைத்தான் நம்புகிறேன், பிழைப்பு ஓடுகிறது. ஆனால் ஒரு கை நீளத்துக்குள் முகத்தைப் பார்த்து வேகமாக வரும் ஒன்று எங்கே இருக்கிறது என்று சொல்ல இரண்டு கண்ணும் சேர்ந்து வேலை செய்ய வேண்டும். குத்துச்சண்டையே அந்த ஒரு கை நீளத்துக்குள்தான் நடக்கிறது.

பழுதான கண்ணைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள், உங்கள் கட்டுரையும் பேசியது. அது போனது போனதுதான், இனி அதற்கு என்ன ஆகப்போகிறது? கேள்வி மிச்சமிருக்கும் கண்ணைப் பற்றியது. மாற்றுத்திறனாளி சான்றிதழுக்குப் போனபோது எனக்கு 30 சதவீதம் என்றார்கள். ஒரு கண் முழுக்கப் போய் இன்னொரு கண் நன்றாக இருந்தால் கணக்கு அவ்வளவுதான். சலுகைகளுக்கு 40 வேண்டும். சரி, 30 என்றால் சமாளிக்கலாம் என்று வந்துவிட்டேன். இந்தக் கண்ணும் முழுக்கப் போனால் அது நேராக 100. இரண்டு கண் உள்ளவர் ஒன்றை இழந்தால் என் நிலைமைக்கு வருவார். நான் இழந்தால் லேத்தும் போச்சு, குடும்பமும் தடுமாறும்.

இது என் சொந்தப் பயம் மட்டும் இல்லை. அமெரிக்காவில் குழந்தை மருத்துவர்களின் அமைப்பும் கண் மருத்துவர்களின் அமைப்பும் சேர்ந்து, இளம் விளையாட்டு வீரர்களின் கண் பாதுகாப்பு பற்றி ஓர் அறிக்கை கொடுத்திருக்கின்றன. ஒரு கண்ணை மட்டும் நம்பியிருப்பவர்களுக்குக் குத்துச்சண்டையும், முழு வேகத்தில் மோதுகிற தற்காப்புக் கலைகளும் ஆகாது என்று அதில் இருக்கிறது. ஒரு கண் சுத்தமாகப் போயிருக்க வேண்டும் என்றுகூட இல்லை. கண்ணாடி போட்ட பிறகும் மோசமான கண்ணின் பார்வை 20/40 அளவுக்கு, நம் ஊர்க் கணக்கில் 6/12க்கு, வரவில்லையென்றால் அவர் ஒற்றைக் கண்காரர் கணக்கில்தான் வருகிறார்.

இந்த இடத்தில் பசங்க மைக்கேல் பிஸ்பிங் என்ற இங்கிலாந்துச் சண்டைக்காரர் பெயரைச் சொல்வார்கள். உண்மைதான். 2013 ஜனவரியில் நடந்த சண்டைக்குப் பிறகு அவருக்கு வலது கண்ணின் விழித்திரை, அதாவது கண்ணுக்குள் பின்பக்கம் ஒளியை வாங்கும் மெல்லிய படலம், விலகி, பார்வை போனது. அந்தக் கண்ணோடுதான் 2016 ஜூனில், குத்து, உதை, மல்யுத்தம் எல்லாம் கலந்த யுஎஃப்சி போட்டியில் மிடில்வெயிட் பட்டத்தை வென்றார். ரீல்ஸில் கதை இதோடு முடிந்துவிடும். 2017 நவம்பரில் ஷாங்காயில் ஆடிய சண்டைக்குப் பிறகு நல்ல கண்ணிலும் மின்னல் மின்னத் தொடங்கியதையும், அடுத்த வருடமே அவர் ஓய்வு பெற்றதையும் யாரும் சொல்வதில்லை. அமெரிக்கக் குத்துச்சண்டை வீரர் சுகர் ரே லெனார்டு கதை வேறு. 1982ல் விழித்திரை அறுவை செய்துகொண்டு விலகியவர், திரும்பி வந்து 1987ல் அப்போதைய சாம்பியன் ஹாக்லரை வென்றார், கண்ணும் தப்பியது. தப்பியவர்களும் இருக்கிறார்கள், நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் தப்பியவர் படம்தான் கூடத்துச் சுவரில் தொங்கும். தப்பாதவர் படத்தை யார் மாட்டுவார்கள்?

ஒரு கண் இல்லாதவர்களைவிட எனக்கு அதிகக் கவலை, சோடாபுட்டிக் கண்ணாடி போடுகிற பசங்களைப் பற்றி. எங்கள் கூடத்தில் ஒரு பையன், காலேஜ் முதல் வருடம், மைனஸ் ஒன்பது பவர். கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்துவிட்டு ரிங்கில் ஏறுவான். எதிராளி மங்கலாகத் தெரிந்தாலும் கை வேகத்தில் சமாளித்துவிடுவான். மெடிக்கல் சர்டிஃபிகேட் வைத்திருந்தான். நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்து, பிரஷர் பார்த்து, "ஃபிட்" என்று எழுதிக் கையெழுத்து. கண்ணைப் பற்றி அதில் ஒரு வார்த்தை கிடையாது.

ஒருநாள் ஸ்பாரிங் முடிந்து தண்ணீர் குடிக்கும்போது, "அண்ணா, இங்க கொசு இருக்கா?" என்று கையால் விசிறிக்கொண்டே கேட்டான். கொசு இல்லை. எந்தப் பக்கம் பார்த்தாலும் கூடவே பறக்கிறது என்றான். ஓரத்தில் கேமரா ஃப்ளாஷ் மாதிரி வெட்டுகிறதாம். வலிக்கிறதா என்றேன், வலியே இல்லை என்றான். அந்த வலியில்லாததுதான் மோசம். விழித்திரைக்கு வலி தெரியாது. கிழிந்தாலும் காட்டிக்கொடுக்காது. மறுநாள் காலையில் எழும்பூர் அரசு கண் மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். 1819ல் தொடங்கிய ஆஸ்பத்திரி, காசு கேட்க மாட்டார்கள், காத்திருக்கத்தான் வேண்டும். சொட்டு மருந்து போட்டு, பாப்பா, அதாவது கண்ணின் நடுவிலிருக்கும் கருப்புத் துளை, விரிந்த பிறகு, டாக்டர் தலையில் விளக்கை மாட்டிக்கொண்டு கையில் ஒரு லென்ஸைப் பிடித்து மூலை மூலையாகப் பார்த்தார். மேலே பார், கீழே பார், மூக்கைப் பார். ஓரத்தில் ஓட்டை. இன்னும் விலகவில்லை. ஓட்டையைச் சுற்றி லேசர் போட்டு ஒட்டினார்கள். பையனுக்கு இப்போது பார்வை நன்றாக இருக்கிறது. ஸ்பாரிங் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கொஞ்ச நாள் என்மேல் கோபமாக இருந்தான்.

அந்த டாக்டர் சொன்னதை இங்கே எழுதுவது யாருக்காவது உபயோகப்படும். மைனஸ் பவர் ஏறுவது என்றால் பெரும்பாலும் கண் உருண்டை நீள்கிறது என்று அர்த்தம். உருண்டை நீள நீள, உள்ளே ஒட்டியிருக்கும் விழித்திரை இழுபட்டு மெலிகிறது. மைனஸ் ஆறுக்கு மேல் போனால் அதிகக் கிட்டப்பார்வை என்றே பிரித்து வைக்கிறார்கள். அந்தக் கண்ணில் குத்து விழுந்தால் உருண்டை ஒரு கணம் நசுங்கி விரிகிறது, மெலிந்த இடம் கிழிகிறது. கண்ணாடியைத் தவிர்க்க லேசிக் என்ற லேசர் அறுவை செய்துகொண்டு பவர் போய்விட்டது என்று நிம்மதியாக இருப்பவர்களும் கவனிக்க வேண்டும். லேசிக்கில் கண்ணின் முன்பக்கத்தைத்தான் செதுக்குகிறார்கள். உருண்டையின் நீளமும் பின்னால் இருக்கும் மெலிந்த விழித்திரையும் அப்படியேதான் இருக்கும். போதாததற்கு, லேசிக்கில் மூடி மாதிரி வெட்டித் திறந்து மூடிய படலம், பல வருடம் கழித்தும் அடிபட்டால் நகர்ந்துவிடக்கூடும்.

இதையெல்லாம் பசங்க ஏன் மறைக்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். வடசென்னையில் பாக்ஸிங் பொழுதுபோக்கு மட்டும் இல்லை. மெடல் வாங்கினால் ஸ்போர்ட்ஸ் கோட்டா, ரயில்வே, போலீஸ். வீட்டில் ஒரு அரசாங்கச் சம்பளம். கண்ணைக் காட்டப்போய் "ஆடாதே" என்று சொல்லிவிட்டால் அந்தக் கதவு மூடிவிடும் என்ற பயம். அதனால் பார்வை சரியில்லாதவன் வெளியே போ என்று கூடத்து வாசலில் போர்டு மாட்டுவதில் எனக்குச் சம்மதமில்லை. மாட்டினால் இன்னும் மறைப்பார்கள். பதினெட்டு வயது ஆகாதவரை, ஒற்றைக் கண்ணோ பலவீனமான விழித்திரையோ இருந்தால், முகத்தில் குத்துகிற ஸ்பாரிங் வேண்டவே வேண்டாம். வயது வந்தவர் தன் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, இருக்கிற கண் போனால் வீடு எப்படி ஓடும் என்று யோசித்து இறங்கினால், அவர் இஷ்டம். ரிப்போர்ட்டே இல்லாமல் இறங்குவதும், இறக்கிவிடுவதும்தான் எனக்குப் பொறுக்கவில்லை.

சண்டைதான் வேண்டும் என்பவர்களுக்கு வேறு வழியும் இருக்கிறது. பார்வையற்றோர் ஜூடோ 1988 சியோல் முதல் பாராலிம்பிக்கில் இருக்கிறது, பெண்களுக்கு 2004 ஏதென்ஸ் முதல். இருவரும் ஒருவர் சட்டையை மற்றவர் பிடித்த பிறகுதான் ஆட்டமே தொடங்கும். அப்புறம் எல்லாம் கையிலும் இடுப்பிலும் தெரிகிற இழுவைதான், முகத்தில் குத்து கிடையாது. 2024 பாரிஸில் மத்தியப் பிரதேசத்தின் கபில் பார்மர் 60 கிலோ பிரிவில் வெண்கலம் வாங்கினார், பாராலிம்பிக் ஜூடோவில் இந்தியாவுக்கு அதுவே முதல் பதக்கம். என்னைப் போல ஒரு கண் நன்றாக இருப்பவனுக்கு அந்தப் போட்டியில் இடமில்லை. ஆனால் சாதாரண ஜூடோ கூடத்தில் பிடித்த பிடியிலிருந்து பயிற்சியைத் தொடங்கலாம் என்று கேட்டால் யாரும் மறுக்கப்போவதில்லை. அதிலும் ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன். தூக்கிப் போட்டால் தலை அதிரும், விரல் கண்ணில் படலாம். லேசர் போட்ட பையன் டாக்டரைக் கேட்காமல் அதற்கும் போகக் கூடாது. இருந்தாலும், கண் இருக்கிற முகத்தையே குறிவைத்து அடிப்பதற்கும் இதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

குத்துச்சண்டைச் சங்கத்தினரும் விளையாட்டு மேம்பாட்டு ஆணையமும் ஒன்று செய்யலாம். ஸ்பாரிங் தொடங்கும் முன், பாப்பாவை விரித்துப் பார்த்த விழித்திரைப் பரிசோதனைச் சீட்டு ஒன்று வேண்டும் என்று விதி வைக்கட்டும். வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கட்டும். கண்ணில் அடி பலமாக விழுந்தால் உடனே மறுபடியும் பார்க்கட்டும். சீட்டைக் கேட்காமல் ரிங்கில் ஏற்றும் கூடத்துக்குப் போட்டியில் பெயர் கொடுக்க அனுமதி வேண்டாம்.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். அந்த இளைஞரிடம் உங்கள் நிருபரை இன்னொரு முறை அனுப்புங்கள். நல்ல கண்ணின் விழித்திரையை யாராவது பார்த்தார்களா, எப்போது பார்த்தார்கள் என்று கேட்டு, பதிலை அதே பக்கத்தில் போடுங்கள். பார்க்கவில்லை என்றால் என் நம்பரை அவரிடம் கொடுங்கள், லீவு போட்டு நானே எழும்பூருக்கு அழைத்துப் போகிறேன். சொட்டு போட்டால் சில மணி நேரத்துக்கு வெளிச்சம் கூசும், கிட்டத்தில் இருப்பது மங்கும். இருப்பதே ஒரு கண் என்றால் தனியாக பஸ் ஏறி வீடு திரும்புவது கஷ்டம்.

இப்படிக்கு,
ஒரு லேத் ஆபரேட்டர்,
வியாசர்பாடி, சென்னை-39.

(கூடத்துப் பையனை அடையாளம் கண்டுகொள்வார்கள் என்பதால் என் பெயரை வெளியிட வேண்டாம்.)