இரவு எட்டு மணிப் பாத்திரச் சத்தம்

ஆசிரியர் அவர்களுக்கு,

மியான்மரில் 2021-இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது பற்றிய கட்டுரை படித்தேன். 1964-இல் ரங்கூனில் (இன்றைய யாங்கூன்) கடையைப் பறிகொடுத்துக் கப்பலேறியவர் என் தாத்தா. 2020 நவம்பர் தேர்தலில் ஆங் சான் சூச்சி கட்சிக்கு 396 இடம், ராணுவ ஆதரவுக் கட்சிக்கு 33. வாக்காளர் பட்டியலில் மோசடி என்றது ராணுவம்; தேர்தல் ஆணையம் மறுத்தது. நாடாளுமன்றம் கூட வேண்டிய 2021 பிப்ரவரி 1 அதிகாலையிலேயே சூச்சி உள்ளிட்ட தலைவர்களை ராணுவத்தினர் பிடித்து அடைத்தார்கள். (கால்வாசி இடம் ராணுவத்துக்கே ஒதுக்கீடு; அதுவும் போதவில்லை போலும்!) மறுநாள் இரவு எட்டு மணிக்கு ராணுவத்தை எதிர்த்து யாங்கூன் வீடுகளில் சட்டி, தட்டு, மூடி என்று கையில் கிடைத்ததை எல்லாம் தட்டினார்கள். பேயோட்ட அங்கே அதுதான் வழக்கம். ஆனால், அங்குள்ள சிறுபான்மை முஸ்லிம்களான ரோஹிங்கியாக்கள் பெரும்பாலோருக்கு அந்தத் தேர்தலில் வாக்கே இல்லை. கட்டுரையில் அதற்கு ஒரு வரி கொடுத்திருக்கலாம்.

வாசகர், காரைக்குடி