உதவித்தொகை நேரத்துக்கு வரட்டும்

ஆசிரியருக்கு,

எச்.ஐ.வி. போன்ற லென்டிவைரஸில் நோய் உண்டாக்கும் பகுதிகளை நீக்கிவிட்டு, ரத்தம் உறையத் தேவையான மரபணுவை ஏற்றி நோயாளியின் சொந்த ஸ்டெம் செல்லுக்குள் (ரத்த அணுக்களை உருவாக்கும் மூல செல்) அனுப்புகிறார்கள். வேலூர் சி.எம்.சி.யில் ரத்தம் சரியாக உறையாத ஹீமோபிலியா ஏ என்ற பரம்பரை நோய் உள்ள 5 பேருக்கு இந்த முறையில் அளித்த சிகிச்சையின் முடிவு 2024 டிசம்பரில் வெளியானது. சிகிச்சைக்குப் பின் அவர்களுக்கு ரத்தக்கசிவே இல்லையாம்!

வைரஸ் செல்லுக்குள் எப்படி நுழைகிறது என்று ஆய்வகத்தில் ராப்பகலாகப் பார்க்கும் முனைவர் பட்ட மாணவர்கள் இல்லாமல் இதெல்லாம் நடக்காது. அவர்களுக்குத் தரும் இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை 2023-ல் மாதம் 37,000 ரூபாயாக உயர்ந்தது, சரி. ஆனால் வைராலஜியில் (வைரஸ் பற்றிய துறை) ஆய்வு செய்யும் என் மகளுக்கு அது மாதக்கணக்கில் தள்ளித்தான் வருகிறது. விடுதிக் கட்டணம் மட்டும் தள்ளிப்போவதில்லை. மாதம் பிறந்ததும் பணம் கணக்கில் விழ, நிதி தரும் துறைகள் வழி செய்ய வேண்டும்.

– ஒரு வாசகர், வேலூர்