என் மகனைத் திட்டாமல் கவனித்தவர்களுக்கு

அனைவருக்கும் வணக்கம்.

என் மகன் மூன்றாம் வகுப்பு முடித்துவிட்டான். அவனுக்கு ஏ.டி.எச்.டி. (கவனம் நிற்காமல், அளவுக்கு மீறித் துறுதுறுவென்று இருக்கும் சிக்கல்) இருப்பதைக் கண்டுபிடித்து, அவனுக்கும் எங்களுக்கும் துணை நின்றவர்களில் பலருக்குத் தாங்கள் எவ்வளவு பெரிய உதவி செய்தோம் என்பதே தெரியாது. அதனால்தான் பொதுவில் எழுதுகிறேன்.

முதல் நன்றி, அவன் தாடையில் அடிபட்ட அன்று இரவு அவசர சிகிச்சைப் பிரிவில் இருந்த டாக்டருக்கு. அதற்கு முன்பே நாங்கள் பல ஆஸ்பத்திரிகள் ஏறி இறங்கியிருந்தோம். காலையில் பள்ளிக்குக் கிளம்பும்போது வயிற்றுவலி என்பான். வயிற்றுப் பூச்சிக்கு மருந்து கொடுப்பார்கள், ஸ்கேன் எடுப்பார்கள், ஒன்றும் இல்லை என்று அனுப்பிவிடுவார்கள். கை உடைந்து மாவுக்கட்டு, நெற்றியில் தையல் என்று அடிபட்டு வேறு போவோம். ஒவ்வொரு இடத்திலும் அந்தக் காயத்துக்கு மட்டும் வைத்தியம் நடந்தது, கூடவே எனக்குக் கொஞ்சம் திட்டும் கிடைத்தது. டாக்டர், தாடையில் தையல் போட்டுக்கொண்டே நீங்கள்தான் பழைய தழும்புகளைப் பார்த்து, “பள்ளிக்கூடத்தில் எப்படி இருக்கிறான்? உட்கார்ந்து எழுதுவானா?” என்று கேட்டீர்கள். அதுவரை யாரும் கேட்காத கேள்வி அது.

அடுத்து, பள்ளிக்கு வந்த மருத்துவக் குழுவினர். ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்திய கார்யக்ரம் 2013இல் தொடங்கிய மத்திய அரசின் குழந்தைகள் உடல்நலத் திட்டம். அரசுப் பள்ளிப் பிள்ளைகளை ஆண்டுக்கு ஒருமுறை பரிசோதிக்கிறார்கள். கண், பல், ரத்தசோகை பார்ப்பதோடு சரி என்றுதான் நினைத்திருந்தேன். வளர்ச்சிக் குறைபாடுகளும் நடத்தைச் சிக்கல்களும் அவர்கள் பட்டியலில் உண்டு. அவர்கள் எழுதித் தந்த சீட்டோடுதான் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்குப் போனோம்.

அங்கே இருந்த உளவியலாளர் மேடம், நீங்கள் முதல் நாளே ஒரு பெயரைச் சொல்லி அனுப்பிவிடவில்லை. முதலில் காது கேட்கிறதா என்று பரிசோதிக்கச் சொன்னீர்கள். வீட்டுக்கு ஒன்று, பள்ளிக்கு ஒன்று என்று கேள்வித்தாள் கொடுத்தீர்கள். இரண்டு இடத்திலும், குறைந்தது ஆறு மாதமாக இப்படி இருந்தால்தான் ஏ.டி.எச்.டி. என்று சொல்ல முடியும் என்று பொறுமையாக விளக்கினீர்கள். என் மாமியாரையும் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினீர்களே, அதற்குத் தனி நன்றி. “வளர்ப்பு சரியில்லை” என்ற பேச்சு எங்கள் வீட்டில் அன்றோடு நின்றது.

ஓ.பி. சீட்டு எழுதும் அண்ணன், மனநல டாக்டர் எந்தக் கிழமை வருவார் என்று சீட்டின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தார். தினக்கூலிக்குப் போகும் என் கணவருக்கு வீணாக ஒருநாள் சம்பளம் போகாமல் இருந்தது அதனால்தான். மாத்திரை தொடங்கிய பிறகு பசி குறையலாம் என்பதால் ஒவ்வொரு முறையும் அவன் எடையும் உயரமும் பார்த்த சிஸ்டர், வரிசையில் நிற்க முடியாமல் அவன் ஓடியபோதெல்லாம் சிரித்துக்கொண்டே கூட்டி வந்தீர்கள். 14416 என்ற மனநல உதவி எண்ணில் ஒரு நடு இரவில் என் அழுகையைத் தமிழில் கேட்டு, தமிழில் பதில் சொன்ன ஆலோசகர் யார் என்று தெரியாது. உங்களுக்கும் நன்றி.

கடைசியாக மூன்றாம் வகுப்பு டீச்சர். மாத்திரை பாதிதான், மீதி நீங்கள். முதல் பெஞ்சில் உட்காரவைத்தீர்கள். ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் சொன்னீர்கள். கால் துறுதுறுக்கும்போது நோட்டுகளை அடுக்கித் தரச் சொல்லி எழுப்பிவிட்டீர்கள். செய்து முடித்த அந்த நிமிடமே பாராட்டினீர்கள். காலை வயிற்றுவலி எந்த மருந்தும் இல்லாமல் போய்விட்டது, டீச்சர். நான்காம் வகுப்பு டீச்சரிடம் அவனைப் பற்றி நீங்களே எடுத்துச் சொல்லிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். அதற்கும் சேர்த்து நன்றி.

அன்புடன்,
அவன் அம்மா