பதினேழாம் அத்தியாயத்தைத் திருத்துங்கள்: ஒரு மாத நாவல் ஆசிரியருக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கும் பதிப்பாளருக்கும்,

வணக்கம். ஈரோடு பஸ் நிலையக் கடையில் உங்கள் மாத நாவல் தொங்கத் தொடங்கிய அன்றே எங்கள் வீட்டுக்கு வந்துவிடும். வாங்குவது என் அத்தை. படித்து முடித்ததும் தறிப்பட்டறைப் பெண்களுக்குக் கைமாற்றுவதும் அவர்தான். சென்ற இதழின் காதல் கதையில் நாயகனுக்கு இருமுனையப் பிறழ்வு, அதாவது பைபோலார்: சில காலம் பித்து ஏறி, சில காலம் சோர்ந்து விழும் மனநோய். பதினேழாம் அத்தியாயத்தில் நாயகி அவனுடைய மாத்திரை அட்டைகளைப் பவானி கூடுதுறையில் வீசி எறிகிறாள். "இனி நான்தான் உனக்கு மருந்து" என்கிறாள். அதற்குப் பிறகு அவனுக்கு ஒரு நாளும் நோய் வருவதில்லை.

என் கணவருக்கும் அதே நோய். கதையை முடித்த அத்தை என்னிடம் கேட்டார்: "அன்பாகப் பார்த்துக்கொண்டால் மாத்திரையே வேண்டாமாமே, கண்ணு?" கள்ளமில்லாத கேள்விதான். ஆனால் அது என் கணவர் காதிலும் விழுந்தது. அந்த வாரம் முழுவதும் மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டு பின்கட்டுக்குப் போய்த் துப்பியிருக்கிறார். ஏன் என்று கேட்டால், என் அன்பில் குறை இருக்கிறது என்று யாரும் சொல்லிவிடக் கூடாதாம்.

அவர் சாப்பிடுவது லித்தியம். 1949-இல் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் பித்து நிலைக்குப் பயன்படும் என்று கண்டு எழுதிய மருந்து. திடீரென்று நிறுத்தினால் நோய் விரைவாகத் திரும்பிவிடக்கூடும் என்பதை எந்த மனநல மருத்துவரும் ஒரு நிமிடத்தில் உங்களுக்குச் சொல்லியிருப்பார். இரவு மாத்திரைக்குப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து, காலை மாத்திரைக்கு முன்னால் ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும். ரத்தத்தில் லித்தியத்தின் அளவு பொதுவாக லிட்டருக்கு 0.6-க்கும் 1.0 மில்லிமோலுக்கும் இடையில் நிற்க வேண்டும்; குறைந்தால் பயன் போதாது, மிகவும் கூடினால் நஞ்சு. சித்திரை வெயிலில் தகரக் கூரைக்கடியில் தறி ஓட்டுகிறவருக்கு வியர்த்துக் கொட்டும். உடம்பில் நீர் வற்றினால் அளவு ஏறும். முதுகுவலிக்கென்று மருந்துக் கடையில் வாங்கும் சில வலி மாத்திரைகளும் ஏற்றிவிடும். உப்பு குறைந்தாலும் அளவு ஏறும்; அதனால் விருந்துக்கு வந்த உறவினர் உப்பை அடியோடு குறைக்கச் சொன்னால், மரியாதை கெடாமல் அதற்கும் நான்தான் குறுக்கே நிற்க வேண்டும். கை நடுங்குகிறதா, பேச்சு குழறுகிறதா என்று அவர் காப்பி டம்ளரைப் பிடிக்கிற விதத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பேன். ஐயா, இதையும் காதல் என்று எழுதலாம். நிலா வெளிச்சம் மட்டும் கொஞ்சம் குறைவாக இருக்கும்.

உங்கள் நாயகனுக்குப் பித்து ஏறினால் நள்ளிரவில் மருதமலைப் படியில் நின்று கவிதை சொல்கிறான். என் கணவருக்கு ஏறியபோது கண்ணபுரம் மாட்டுச் சந்தையில் ஒரு ஜோடி காங்கேயம் காளைக்கு முன்பணம் கொடுத்துவிட்டு வந்தார். எங்களுக்கு ஒரு சென்ட் நிலம் கிடையாது. அந்தக் கடனுக்கு என் நகைகள் அடகுக்குப் போயின. பிறகு அவர் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்த மாதங்களை உங்கள் நாவல் "சோகத்தில் ஆழ்ந்தான்" என்று ஒரே வரியில் தாண்டிவிடுகிறது.

நான் கேட்பது அடுத்த இதழில் ஒரே ஒரு பக்கம். மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தக் கூடாது என்று அதில் அச்சிடுங்கள். மறுபதிப்பு வந்தால் பதினேழாம் அத்தியாயத்தைத் திருத்துங்கள்.

உங்களை மட்டும் சொல்லிப் பயனில்லை. தொலைக்காட்சித் தொடர்களில் மனநோயாளி என்றால் இன்றும் காலில் சங்கிலி. 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தில் சங்கிலியோடு 28 பேர் தீயில் கருகினார்கள். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியைத் தடை செய்துவிட்டது. கதை எழுதுகிறவர்களுக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை போலும். ஒன்று சங்கிலி, இல்லாவிட்டால் முத்தம். இடையில் மருத்துவர் என்று ஒருவர் வந்தால் விறுவிறுப்பு குறைந்துவிடுமோ? பெண் பார்க்க வருகிறவர்களும் இந்தக் கதைகளைப் படித்துவிட்டுத்தான் வருகிறார்கள். என் நாத்தனாருக்கு வந்த வரன்கள், அண்ணனின் நோய் தெரிந்ததும் போன வழியைப் பற்றி எழுதினால் உங்களுக்கு இன்னொரு நாவலே கிடைக்கும்.

பொறுத்தருளுங்கள், கேட்க வந்ததை விட்டு எங்கோ போய்விட்டேன். அந்த ஒரு பக்கத்தை மட்டும் தயவுசெய்து மறக்க வேண்டாம். இடம் மிஞ்சினால் டெலி மானஸ் என்கிற அரசின் மனநல உதவி எண் 14416-ஐயும் அதில் சேர்த்துவிடுங்கள். எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம். எழுத்துப் பெரிதாக இருக்கட்டும், அத்தைக்குக் கண் மங்கல்.

இப்படிக்கு,
சென்னிமலைப் பக்கத்து வாசகி ஒருத்தி