32 ஜிபி வேண்டுமா என்ற உன் கேள்விக்கு

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரங்கள் கடந்துவிட்டன. பதில் எழுத நேரமில்லாமல் போகவில்லை. 32 ஜிபி நினைவகமுள்ள கிராஃபிக்ஸ் கார்டு நம் வேலைக்கு வேண்டுமா என்று நீ கேட்டிருந்த அதே கேள்வியை அந்த நாட்களில் நானும் கேட்டுக்கொண்டிருந்தேன்; எனக்கே விடை பிடிபடாத நிலையில் உனக்கு எதையாவது எழுதி அனுப்ப மனம் ஒப்பவில்லை. பொறுத்துக்கொள். இங்கே அனைவரும் நலம். அம்மா உன்னை விசாரித்தார்கள். நீ இளைத்துவிட்டாயா என்பதுதான் இந்த முறையும் முதல் கேள்வி. சோடாபுட்டி இன்னும் அந்தக் குடையைத் திருப்பித் தரவில்லை.

வேலையை விட்டுவிட்டதாக நீ எழுதியிருந்த வரியைப் பலமுறை படித்தேன். பன்னிரண்டு ஆண்டுகளாக நாளைக்கு, அடுத்த மாதத்துக்கு என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தவன், கடைசியில் சொந்தமாக அனிமேஷன் தொழில் தொடங்கப்போகிறாய் என்பதில் எனக்கு உள்ளபடியே மகிழ்ச்சி. ஆனால் அதற்கு அடுத்த வரியிலேயே, கைக்கு வந்த செட்டில்மெண்ட் பணத்தின் பெரும்பகுதியைப் போட்டு என்விடியா நிறுவனத்தின் ஆர்டிஎக்ஸ் 5090 கிராஃபிக்ஸ் கார்டை வாங்கப்போவதாகவும், குறைந்தால் மீதியைத் தவணையில் கட்டிக்கொள்வதாகவும் எழுதியிருக்கிறாய். அந்த வரிதான் என்னைத் தூங்கவிடவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம் நீளப்போகிறது.

முதலில் உன் பக்கம் இருக்கும் நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். 2025 ஜனவரி 30 அன்று வெளியான அந்தக் கார்டு சாதாரணப் பொருள் அல்ல. ஜிடிடிஆர் 7 வகையில் 32 ஜிபி நினைவகம், கூடா கோர்கள் எனப்படும் கணக்கிடும் அலகுகள் 21,760, நினைவகத்திலிருந்து நொடிக்கு 1,792 ஜிபி தகவலை எடுத்துவரும் பாதை. முந்தைய தலைமுறையின் 4090-இல் அந்தப் பாதை 1,008 ஜிபிதான். இப்படி ஒரு பாய்ச்சலைப் பார்த்தால் நம்மைப் போன்றவர்களுக்குக் கை துறுதுறுக்காமல் என்ன செய்யும்? அறிவிப்பு வந்த இரவு நானும் கண்விழித்துத்தான் பார்த்தேன்.

ஆனால் அந்த அறிவிப்பு மேடையில் சொல்லப்பட்ட இன்னொன்றையும் நினைத்துப் பார். அதே புதிய வரிசையில் கீழ்ப்படியில் இருக்கும் 5070 கார்டு 4090-க்கு ஈடான திறனைத் தரும் என்று என்விடியாவின் தலைவர் ஜென்சன் ஹுவாங் அங்கே அறிவித்தார். அந்த ஒப்பீடு டிஎல்எஸ்எஸ் 4-ஐ நம்பி நிற்பது. கார்டு உண்மையில் வரையும் ஒவ்வொரு ஃபிரேமுக்கும், அதாவது ஓடும் காட்சியின் ஒவ்வொரு தனிப்படத்துக்கும், இடையில் மூன்று ஃபிரேம்கள் வரை செயற்கையாக ஊகித்து நிரப்புகிற உத்தி அது. விளையாடுகிறவர்களுக்கு அது பயன்படலாம், அதை நான் குறை சொல்லவில்லை. நீயும் நானும் ப்ளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் ஒரு ஃபிரேமை ரெண்டர் செய்யும்போது, அதாவது இறுதிப் படமாக்கும்போது, அப்படி இடையில் ஃபிரேம்களை ஊகித்து நிரப்ப எதுவும் இல்லை. ஒவ்வொரு ஒளிக்கதிரையும் கார்டு கணக்கிட்டுத்தான் ஆகவேண்டும். அதைவிட முக்கியமாக, 5070-இல் இருப்பது 12 ஜிபி, 4090-இல் இருப்பது 24 ஜிபி. 20 ஜிபி கேட்கிற சீனை 12 ஜிபியில் எந்த உத்தியைக் கொண்டும் முழுதாக ஏற்ற முடியாது.

இந்த மூன்று வாரங்களில் எனக்குத் தெளிந்தது இதுதான்: நம் தொழிலில் கார்டின் வேகமும் அதன் நினைவகமும் ஒரே தராசில் வைத்துப் பார்க்க வேண்டியவை அல்ல. வேகம் குறைந்தால் காத்திருக்கிறோம். இரவு ஓடவிட்டு விடிந்ததும் எடுத்துக்கொள்கிறோம். நினைவகம் போதவில்லை என்றால் வேலையே நடப்பதில்லை, அல்லது கணினியின் பொது நினைவகத்துக்கு வழிந்துபோய் நொண்டுகிறது. எட்டு ஆண்டுகளாக என்னோடு இருக்கும் 1080 டிஐ, 2017-இல் வந்த கார்டு, இன்றும் படுத்துவிடாமல் உழைப்பதற்குக் காரணம் அதன் வேகம் அல்ல. அந்தக் காலத்திலேயே அதற்கு 11 ஜிபி கொடுத்திருந்தார்கள், அதுதான் காரணம். விலை உயர்ந்ததை ஒரு முறை வாங்கினால் பத்து ஆண்டுகளுக்குக் கவலையில்லை என்று நீ எழுதியிருந்ததில் பாதி உண்மை இருக்கிறது. 2020-இல் 3090, 2022-இல் 4090, 2025-இல் 5090 என்று உச்சிப் பட்டம் இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை கைமாறிக்கொண்டே இருக்கிறது. நினைவகத்தின் அளவு மட்டும் கார்டு சாகும்வரை நம்மிடம் இருக்கிறது.

போன மாதம் அந்த 11 ஜிபியும் போதாமல் போனது. ஒரு காட்டுக் காட்சி செய்துகொண்டிருந்தேன். ஈரமான மரப்பட்டை, பாசி, உதிர்ந்த இலைகள் என்று நாற்பது விதப் பரப்புகள். பரப்பின் மேல் போர்த்துகிற படமான டெக்ஸ்ச்சர் ஒன்றை 4096-க்கு 4096 புள்ளிகள் அளவில், புள்ளிக்கு நான்கு பைட்டாக வைத்தால் அது 64 எம்பி. நிறம், மேடுபள்ளம், சொரசொரப்பு, உயரம் என ஒரு பரப்புக்கு நான்கு படங்கள், ஆக 256 எம்பி. நாற்பது பரப்புகளுக்கு 10 ஜிபி. மரங்களின் வடிவத்துக்கே இன்னும் இடம் ஒதுக்கவில்லை. அதற்குள் நினைவகம் நிறைந்துவிட்டதென்ற சிவப்பு எழுத்து திரையில் வந்து நின்றது. இலைகளைப் பாதி அளவுக்குச் சுருக்கினேன், தொலைவில் இருந்த மரங்களைத் தட்டையான படங்களாக மாற்றினேன். அப்படியும் முன்வரிசையில் இருந்த பாசியின் ஈரம் செத்துப்போனது. அந்தப் பாசிக்காக நான்கு நாட்கள் உழைத்திருந்தேன்; அதைச் சுருக்கியபோது மனம் கனத்தது.

அன்றிரவு நானும் உன்னைப் போலவே 5090 வாங்கிவிடுவது என்று முடிவு செய்தேன். நல்லவேளையாக, அறிவித்த விலைக்கு எங்கும் கிடைக்கவில்லை. பதுக்கி விற்பவர்கள் கேட்ட தொகை நெஞ்சை அடைத்தது. கிடைக்காத அந்த இடைவெளியில்தான் புத்தி வந்தது. பெரிய கார்டு பொருத்திய கணினி ஒன்றை இணையம் வழியாக மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்து, சுருக்காத அந்தக் காட்டை அதில் ஏற்றிப் பார்த்தேன். உச்சத்தில் அது கேட்டது 17.6 ஜிபி. என் பழைய வேலைகளில் கனமானவை என்று நினைத்த ஆறு காட்சிகளையும் ஒவ்வொன்றாக ஏற்றினேன். ஒன்றுகூட 20 ஜிபியைத் தொடவில்லை.

இதில்தான் எனக்கு உண்மையான மனக்குறை. புதிய வரிசையில் 5080-க்கு 16 ஜிபி. அதற்கு அடுத்த படி நேராக 32 ஜிபி. நம்மைப் போன்றவர்களின் வேலை சரியாக நடுவில் வந்து நிற்கிறது, அந்த நடுவில் புதிதாக எதுவும் இல்லை. ஒன்றரை ஜிபி குறைகிறதே என்பதற்காக மனிதனை உச்சிக்கே ஏறச் சொல்வது நியாயமாகப் படவில்லை. 24 ஜிபி வேண்டுமென்றால் பழைய 3090 அல்லது 4090-ஐத்தான் தேட வேண்டியிருக்கிறது.

அடுத்து மின்சாரம். இதை நீ உன் கடிதத்தில் ஒரு வார்த்தைகூடத் தொடவில்லை, அதனால் கொஞ்சம் கடிந்தே எழுதுகிறேன். 5090-இன் மின்தேவை 575 வாட், 4090-க்கு 450. இரண்டும் ஏறக்குறைய ஒரே தயாரிப்புத் தொழில்நுட்பத்தில் உருவானவை என்பதால், கோர்கள் மூன்றில் ஒரு பங்கு கூடியபோது மின்சாரமும் நான்கில் ஒரு பங்குக்கு மேல் கூடிவிட்டது. நிறுவனமே 1000 வாட் பவர் சப்ளையைப் பரிந்துரைக்கிறது. உன்னிடம் இருப்பது 650 வாட். அதையும் மாற்றவேண்டும், அத்தனை சூட்டையும் வெளியேற்ற உன் கேபினெட்டும் போதாது. அந்த 575 வாட்டும் கடைசியில் வெப்பமாக உன் அறைக்குள்தான் இறங்கும் என்பதையும் நினைவில் வை.

கார்டுக்கு மின்சாரம் கொண்டுசேர்க்கும் அந்த 12 முள் கனெக்டரைப் பற்றியும் சொல்லவேண்டும். 12 வோல்ட்டில் 575 வாட் என்றால் ஏறத்தாழ 48 ஆம்பியர். மின்சாரத்தைக் கொண்டுவரும் முட்கள் ஆறு, ஆக முள்ளுக்கு 8 ஆம்பியர். முட்கள் தாங்கும் எல்லை அதற்கு வெகு தொலைவில் இல்லை. பழைய 8 முள் கனெக்டரில் 150 வாட்டை மூன்று முட்கள் பகிர்ந்துகொண்டன, முள்ளுக்கு 4 ஆம்பியர் சொச்சம்தான். ஆறில் ஒன்றிரண்டு சரியாகத் தொடாமல் போனால் மற்றவற்றின் மேல் சுமை ஏறுகிறது, அவை கொதிக்கின்றன. 4090-இல் கனெக்டர்கள் உருகிய செய்தி வந்தபின் வடிவத்தைத் திருத்தி, முழுதாகப் பொருந்தாவிட்டால் மின்சாரம் எடுக்காதபடி உணர் முட்களைக் குட்டையாக்கினார்கள். திருத்திய பிறகும் 5090-இல் உருகியதாகச் செய்திகள் வந்துவிட்டன.

நம் கணக்குப்பிள்ளை வீட்டில் ஒரு கனெக்டரை நானே கையில் வாங்கிப் பார்த்தேன். கேபிளை முழுதாக அழுத்தாமல், கேபினெட்டின் கண்ணாடிக் கதவை மூடுவதற்காக அப்படியே மடக்கிவிட்டிருக்கிறார். ஓரத்து முள்ளைச் சுற்றியிருந்த கறுப்பு பிளாஸ்டிக் உப்பிப் பழுப்பேறியிருந்தது. அந்த முள் மட்டும் நீலம் பாய்ந்து, பக்கத்தில் இருந்தவை புதிதுபோலப் பளபளத்தன. அறையில் இரண்டு நாட்கள் கழித்தும் அந்தக் கருகல் வாடை போகவில்லை. பின்னிரவில் ரெண்டரை ஓடவிட்டுவிட்டுத் தூங்கப்போகிற தொழில் நம்முடையது. அதனால் நீ எந்தக் கார்டை வாங்கினாலும் கனெக்டரைச் சொடுக்கென்று அமரும்வரை அழுத்து, மடக்காதே, மின் எல்லையையும் சற்றுக் குறைத்து வை. 5090-ஐ 450 வாட்டில் நிறுத்தினால்கூட வேகத்தில் இழப்பது மின்சாரத்தில் மிச்சமாவதைவிட மிகக் குறைவு.

முதல் மாதங்களில் வாங்குகிறவர்களின் நிலைமையையும் பார். சில 5090 கார்டுகளில், படத்தின் புள்ளிகளைக் கடைசியாக எழுதி முடிக்கும் ஆர்ஓபி அலகுகள் 176 இருக்கவேண்டிய இடத்தில் 168 மட்டுமே இருப்பது 2025 பிப்ரவரியில் தெரியவந்தது. நிறுவனமும் ஒப்புக்கொண்டது, மாற்றித் தரலாம் என்றது. வாங்கியவர்கள் தாங்களே ஜிபியு-ஸெட் மென்பொருளில் எண்ணிப் பார்த்துக் கண்டுபிடித்தார்கள். திரை கறுத்துப்போகும் கோளாறுக்கு, கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரில் அடுத்தடுத்து திருத்தங்கள் வந்தன. ஊதியம் வந்துகொண்டிருப்பவன் இவற்றைப் பொறுத்துக்கொள்ளலாம். முதல் வாடிக்கையாளருக்குக் கொடுத்த நாள் நெருங்கும்போது உனக்கு இது நேர்ந்தால் என்ன செய்வாய்?

நான் என்ன செய்தேன் என்று சொல்லவேண்டுமல்லவா? போன வாரம் ஒருவர் பயன்படுத்திய 3090 ஒன்றை வாங்கினேன். 24 ஜிபி, 350 வாட். வாங்குமுன் அவர் வீட்டிலேயே இரண்டு மணி நேரம் என் காட்டை அதில் ஓடவிட்டு, சூட்டையும் ஃபேனின் ஓசையையும் கவனித்தேன். முதல் முறையாக அந்தப் பாசி சுருக்கப்படாமல், நான் நினைத்த ஈரத்தோடு திரையில் வந்தது. அவர் வீடு என்பதையும் மறந்து அப்படியே உட்கார்ந்திருந்தேன். 5090-ஆக இருந்தால் அது வெகு சீக்கிரம் வந்திருக்கும். ஆனால் வந்திருப்பது இதே படம்தான்.

உன் வேலை என் வேலை அல்ல என்பது எனக்குத் தெரியும். நீ செய்யப்போவது புகையும் நீருமாக இருந்தால், கனமான சிமுலேஷன்களாக இருந்தால், 24 ஜிபியும் போதாமல் போகலாம். அப்போது 5090 ஆடம்பரம் இல்லை, கருவி, நானே வாங்கச் சொல்வேன். ஆனால் தவணையில் வேண்டாம். கையில் முதல் வேலை வருவதற்கு முன்பே மாதக் கடன் வந்து நின்றால், உனக்குப் பிடிக்காத வேலைகளையும் அவசரத்தில் ஒப்புக்கொள்வாய். எதிலிருந்து தப்பிக்க வேலையை விட்டாயோ அதே இடத்துக்கு அது உன்னைத் திரும்பக் கொண்டுபோய்விடும். உன்னை நான் அறிவேன், அதனால்தான் பயப்படுகிறேன்.

ஒன்று செய். இந்த வாரத்துக்குள், நீ செய்ய நினைத்திருக்கும் படைப்புகளில் மிகக் கனமான காட்சியை, எதையும் சுருக்காமல், ஒரு வாடகைக் கணினியில் ஏற்றி ஒரே ஒரு ஃபிரேமை ரெண்டர் செய். ஓடும்போது திரையின் ஓரத்தில் நினைவகத்தின் உச்ச அளவு தெரியும். அந்த எண்ணைக் குறித்து எனக்கு எழுது. 16-க்குக் கீழே என்றால் ஒன்று, 24-க்குள் என்றால் ஒன்று, அதற்கு மேல் என்றால் வேறொன்று. எதுவானாலும் வாங்கப் போகும்போது நானும் கூட வருகிறேன், கனெக்டரை நானே பொருத்தித் தருகிறேன்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்