பெங்களூரு போகுமுன் பிள்ளை எந்த வகுப்பு என்று பாருங்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி, எண்ணூர்ப் பக்கத்து அரசுப் பள்ளிகளில் ஆண்டுத் தேர்வு முடிந்ததும் மாற்றுச்சான்றிதழ் கேட்டு வரும் பெற்றோரில் பெங்களூரு கிளம்புகிறவர்களும் உண்டு. பீண்யாவில் லேத், பொம்மசந்திராவில் வெல்டிங், ஹொஸ்கோட்டே பக்கம் குடோன் வேலை. போகலாமா வேண்டாமா என்று வீட்டில் போடும் கணக்கில் பெரும்பாலும் இரண்டே வரிகள்தான். சம்பளம் எவ்வளவு கூடுகிறது, வாடகை எவ்வளவு கூடுகிறது. ஓசூரைத் தாண்டியதும் எந்தெந்த உரிமை கூட வராது என்ற மூன்றாவது வரியை யாரும் எழுதுவதில்லை. பிறகு இடிப்பது அதுதான்.

முதலில் பார்க்க வேண்டியது பிள்ளையின் வகுப்பு. மருத்துவப் படிப்பில் 2020 முதலும் பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 2021 முதலும் உள்ள 7.5 விழுக்காடு ஒதுக்கீடு, ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு உரியது. மாநகராட்சிப் பள்ளியும் இதில் சேரும். புதுமைப்பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் கல்லூரிப் படிப்பின்போது மாதம் 1,000 ரூபாய் கிடைப்பதற்கும் அதே 6 முதல் 12 வரைதான் அளவுகோல். எட்டாவதை மட்டும் பெங்களூருவில் படித்துவிட்டு ஒன்பதாவதுக்குத் திரும்பி வந்தாலும் தொடர்ச்சி அறுந்துவிடும். ஒரே ஓர் ஆண்டுதானே என்று தலைமையாசிரியரிடம் மன்றாடிப் பயனில்லை. அவர் கையில் அந்த அதிகாரம் கிடையாது.

சரி, அங்கேயே வேரூன்றிவிடலாம் என்றால் அதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. கர்நாடக அரசின் கலந்தாய்வில் அந்த மாநில மாணவராக இடம் கேட்க, வெளியிலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளை பொதுவாக 1 முதல் 12-க்குள் ஏழு கல்வியாண்டுகளை அங்கே முடித்திருக்க வேண்டும். ஐந்தாவது முடித்துப் போகும் பிள்ளைக்கு 6 முதல் 12 வரை சரியாக ஏழு வரும். ஏழாவது முடித்துப் போனால் ஐந்துதான். இங்கே 7.5 போச்சு, அங்கே உள்ளூர் மாணவர் தகுதியும் இல்லை. தமிழ்நாட்டுப் பொறியியல் பொதுக் கலந்தாய்வு மட்டும் அடைபடாது. 8 முதல் 12 வரை இங்கே படிக்காதவர்கள் இ-சேவை மையத்தில் இருப்பிடச் சான்று வாங்கி இணைக்க வேண்டும். அரசு வேலையில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கான 20 விழுக்காட்டை நம்பியிருப்பவர்கள் ஒன்றாம் வகுப்பு முதலே தமிழ்வழிச் சான்று காட்ட வேண்டும் என்பதையும் நினைவில் வைக்கட்டும். மொழியும் சுலபமில்லை. கர்நாடகப் பள்ளிகளில் கன்னடம் கட்டாயம். சின்ன வகுப்பில் பிடித்துக்கொள்வார்கள். ஒன்பதாவதில் புது எழுத்தோடு பொதுத்தேர்வை நோக்கி ஓடச் சொல்வது அநியாயம்.

ஆகவே, பிள்ளை ஐந்தாவதுக்குள் இருந்தால், அல்லது பன்னிரண்டாவது முடித்திருந்தால் குடும்பத்தோடு போகலாம். நடுவில் இருந்தால் சம்பாதிப்பவர் மட்டும் போய் ஓர் அறையில் தங்கட்டும். இரண்டு வீட்டுச் செலவு கூடத்தான் ஆகும். ஆனாலும் 7.5-இல் பொறியியல் சேர்பவருக்குக் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே ஏற்கிறது என்பதை அந்தச் செலவுக்கு எதிரில் எழுதிப் பாருங்கள்.

சாதிச் சான்றிதழில் ஏமாறுபவர்களும் அதிகம். ஆதி திராவிடர் என்ற பெயர் கர்நாடகப் பட்டியலிலும் இருக்கிறதே, அங்கேயும் சலுகை உண்டு என்று நினைக்கிறார்கள். கிடையாது. வேலைக்காகக் குடிபெயர்ந்தவர் போன மாநிலத்தின் ஒதுக்கீட்டைக் கோர முடியாது என்பதை உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2018-லும் உறுதிப்படுத்தியது. சொந்த மாநிலத்து உரிமை அப்படியே இருக்கும். அதனால் கிளம்புமுன் பிள்ளைகள் எல்லோருக்கும் இங்கேயே சான்றிதழ் எடுத்துவிடுவது நல்லது.

அடுத்து ரேஷன் அட்டை. அதில் அச்சாகியிருக்கும் குறியீட்டைப் பாருங்கள். பி.எச்.எச். என்றிருந்தால் 'ஒரே நாடு ஒரே ரேஷன்' திட்டத்தில் பெங்களூருக் கடையிலும் கைரேகை வைத்து ஆளுக்கு 5 கிலோ தானியம் வாங்கலாம். என்.பி.எச்.எச். (முன்னுரிமையற்ற குடும்பம்) என்றிருந்தால் அங்கே ஒன்றும் வராது, ஏனென்றால் அந்த அட்டைக்கு இங்கே கிடைக்கும் இலவச அரிசி தமிழ்நாடு அரசு தன் செலவில் தருவது. மானிய விலைத் துவரம்பருப்பும் பாமாயிலும் எந்த அட்டைக்கும் எல்லை தாண்டாது. அங்கே புது அட்டை கேட்கப் போனால் இங்கே பெயர் நீக்கிய சான்று கேட்பார்கள். வேலை நிலைக்குமா என்று தெரியும்வரை அவசரப்பட்டு நீக்கிவிட வேண்டாம்.

பெண்களுக்கு இலவசப் பேருந்து அங்கேயும் உண்டு. ஆனால் இங்கே சாதாரணக் கட்டணப் பேருந்தில் ஏறினால் போதும், அங்கே கர்நாடக முகவரியுள்ள அடையாள அட்டையைக் காட்ட வேண்டும். ஆதார் முகவரி மாறும்வரை டிக்கெட் காசையும் மாதச் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டு அட்வான்ஸ் ஒரு காலத்தில் பத்து மாத வாடகை. இப்போது ஐந்து, ஆறு மாதத்துக்கும் வீடு கிடைக்கிறது, பேரம் பேசலாம். காலி செய்யும்போது பெயின்ட் செலவு என்று ஒரு மாத வாடகையைப் பிடிப்பது அங்கே வழக்கம், அதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். காவிரிக் குழாய் இணைப்பு உண்டா, வாரத்தில் எத்தனை நாள் வருகிறது, லாரித் தண்ணீர் வாங்கினால் யார் காசு என்று கேளுங்கள். 2024 கோடையில் போர்வெல் வறண்ட பகுதிகளில் இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் குடிவந்தவர்கள்தான் அதிகம் திண்டாடினார்கள். மாதம் 200 யூனிட் வரை மின்சாரம் இலவசம் என்பதும் வீட்டுக்குத் தனி மீட்டர் இருந்தால்தான். அந்த மின் கணக்கிலிருந்து முன்பு குடியிருந்தவரின் ஆதார் இணைப்பை நீக்கியிருக்கிறார்களா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். இங்கே வீட்டை லீஸில் வைத்திருப்பவர்கள் பணம் கைக்கு வந்த பிறகு லாரி பேசுங்கள். அடுத்த ஆள் வந்ததும் தருகிறேன் என்ற வாக்கை நம்பிச் சாமானை ஏற்றாதீர்கள்.

பைக்கை 12 மாதத்துக்கு மேல் அங்கே வைத்திருந்தால் பதிவு மாற்ற வேண்டும். படிவம் 28-இல் இங்குள்ள ஆர்டிஓவிடம் தடையின்மைச் சான்று, அங்கே புதுப் பதிவெண்ணுக்குப் படிவம் 27, புதிதாக ஆயுள் வரி. கடன் பாக்கி இருந்தால் கடன் கொடுத்த நிறுவனத்தின் ஒப்புதலும் வேண்டும். அங்கே பதிவான பிறகே இங்கே கட்டிய வரியில் மீதியைத் திரும்பக் கேட்க முடியும். பழைய வண்டி என்றால் இங்கேயே விற்றுவிடுவது லாபம். கேஸ் சிலிண்டர், ரெகுலேட்டர் இரண்டையும் ஏஜென்சியில் ஒப்படைத்து ரசீது வாங்கினால் அதைக் காட்டி அங்கே இணைப்பு பெறலாம். பிஎஃப்பின் யுஏஎன் எண்ணும் இஎஸ்ஐ எண்ணும் மாறாது.

இதில் பள்ளிக் கல்வித் துறை செய்யக்கூடிய எளிய வேலை ஒன்று உண்டு. மாற்றுச்சான்றிதழ் விண்ணப்பத்தில் 'வேறு மாநிலம்' என்று எழுதும் பெற்றோருக்கு, சான்றிதழில் கையெழுத்தாவதற்கு முன்பே 7.5 விழுக்காடு, புதுமைப்பெண், தமிழ்ப் புதல்வன், தமிழ்வழி ஒதுக்கீடு ஆகியவற்றில் என்னென்ன இழப்பு என்று அச்சிட்ட ஒரு தாளைக் கொடுக்கலாம். படிக்கத் தெரியாதவர்களுக்கு வகுப்பாசிரியர் வாசித்துக் காட்டலாம். வரும் ஆண்டுத் தேர்வுக்கு முன் இந்தத் தாள் பள்ளிகளுக்கு வந்து சேர வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்கள் சிலர்,
கொருக்குப்பேட்டை, சென்னை – 21.